இரண்டாம் மாடியைத் தாண்டிப் போன மாதா

மந்தைவெளியில் எங்கள் தெருவில் யாரிடம் கேட்டாலும் நான் 'டீச்சர் வீட்டு சார்'தான். மளிகைக் கடையில், இஸ்திரி வண்டியில், மாவு மில்லில் எல்லா இடத்திலும் அப்படித்தான். அரசு அலுவலகத்தில் இத்தனை வருஷம் கோப்பு பார்த்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் நான். எனக்கும் ஒரு பெயர் இருக்கிறது. ஆனால் அதைச் சொல்லி விலாசம் கேட்டுக்கொண்டு வருகிறவர்கள் எங்கள் தெருவையே நாலு சுற்று சுற்றிவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறார்கள். டீச்சர் வீடு என்று கேட்டால் தெருமுனை நாய் கூட வழிகாட்டும்.

நானும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவேன். கல்யாணமான புதிதில் கிண்டலுக்கு ஆரம்பித்தது. பிறகு வேறு பெயர் வாயில் வரவில்லை.

அவள் குடும்பம் தலைமுறை தலைமுறையாகக் கோயில் மணிச் சத்தத்துக்குள்ளேயே குடியிருந்த கத்தோலிக்கக் குடும்பம். அத்தை டீச்சர், சித்தி டீச்சர், பெரியப்பா தலைமை ஆசிரியர். எங்கள் வீடு மயிலாப்பூர் குளத்துப் பக்கம். அப்பாவுக்குக் கிருத்திகை தவறாது. இரண்டு பக்கமும் கொஞ்ச நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், அப்புறம் வழக்கம்போல் சரியாகிவிட்டார்கள். மேலிடத்தில் அனுமதி வாங்கி அவள் கோயிலிலேயே கல்யாணம் நடந்தது. மதம் மாறச் சொல்லி அவள் கேட்கவில்லை. நானும் மாறவில்லை. கார்த்திகைக்கு நான் விளக்கு வைப்பேன், டிசம்பரில் அவள் குடில் வைப்பாள். இரண்டுக்கும் சேர்த்து ஒட்டடை அடிப்பது நான்.

தினமும் காலைப் பூசைக்கு அவளை ஸ்கூட்டரில் கொண்டுபோய் இறக்கிவிடுவேன். அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு உள்ளே போவாள், நான் கோயில் வாசலுக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் உட்காருவேன். டீ மாஸ்டர் என்னைப் பார்த்ததும், "இன்னா சார், டீச்சர் உள்ள போயிடுச்சா? உனக்கு சக்கர கம்மியா?" என்பார். பேப்பர் முழுவதையும் படித்து முடிக்கும்போது பூசை முடிந்திருக்கும். வெளியே வந்ததும் அவளை ஒரு கூட்டம் சூழ்ந்துகொள்ளும். ஒருத்திக்கு மகன் ஃபீஸ், ஒருத்திக்கு மாமியார் சண்டை, ஒருவருக்கு ஆஸ்பத்திரியில் எந்த வரிசையில் நிற்பது என்ற சந்தேகம். நான் ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்து, அணைத்து, மறுபடியும் ஸ்டார்ட் செய்வேன். அதை அவள் காதிலேயே வாங்க மாட்டாள்.

ஒருநாள் வண்டியில் வரும்போது கேட்டேன்.

"இவ்வளோ பேருக்காக வேண்டிக்கிறியே, அதுல என் பேரு எங்க வருது டீச்சர்?"

"உங்களுக்குத் தனியா எதுக்கு? உங்களுக்கு வேண்டிக்கிட்டா எனக்கே வேண்டிக்கிற மாதிரி. சுயநலம் ஆயிடும்" என்றாள்.

இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

கணக்கு என்றதும் அவள் பாடம் நடத்தும் விதத்தைச் சொல்லவேண்டும். ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை கணக்கு டீச்சர் அவள். கரும்பலகையில் முதலில் விடையை எழுதிவிடுவாளாம். நாற்பத்தெட்டு என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டுவிட்டு, இந்த விடை வருகிற மாதிரி ஆளுக்கொரு கணக்கு நீங்களே போட்டுக்கொண்டு வாருங்கள் என்பாளாம். மீனவர் குப்பத்துப் பெண் வலையில் விழுந்த மீனைப் பங்கு பிரித்துக் கணக்கு போடும், கடைக்காரர் மகன் முட்டை அட்டையை வைத்துப் போடுவான். தப்பு என்ற சொல்லே அந்த வகுப்பில் இல்லை. இதற்கு வேறு கணக்கு இருக்கும், அதைக் கண்டுபிடி என்றுதான் சொல்வாள். வீட்டில் மட்டும் அந்தக் கருணை கிடையாது. நான் வாங்கி வந்த கத்தரிக்காயில் ஒன்று சொத்தை என்றால் அது தப்புதான்.

சனிக்கிழமை மதியம் கடற்கரைக் குப்பத்தில் சமூகக் கூடத்தில் ட்யூஷன். காசு வாங்க மாட்டாள் என்பதால் அந்தத் தாய்மார்கள் மீனைக் கையில் திணித்து அனுப்புவார்கள். சங்கராவும் காரப்பொடி மீனும் பேப்பரில் சுற்றிக்கொண்டு வருவாள். அவளுக்கு மீன் கழுவுவது என்றால் எரிச்சல். எனவே சனிக்கிழமை சாயங்காலம் நான் குளியலறையில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து செதில் உரித்துக்கொண்டிருப்பேன். "ஊருக்கு சேவை நீ, மீனுக்கு சேவை நானா?" என்று கேட்பேன். சிரித்துக்கொண்டே மிளகாய் அரைக்கப் போய்விடுவாள்.

ஆகஸ்ட் கடைசியில் பெசன்ட் நகர் மாதா கோயில் திருவிழாவுக்குக் கொடி ஏறும். எங்கெங்கிருந்தோ காவி உடுத்திக்கொண்டு வெறுங்காலில் நடந்து வருவார்கள். எல்லா மதத்துக்காரர்களும் வருவார்கள். அடையாறு பாலத்துக்குப் பக்கத்தில், நடைபாதை ஓரமாக, எங்கள் பங்குக் கோயிலிலிருந்து ஒரு பந்தல் போடுவது வழக்கம். மோர், தண்ணீர் எல்லாம் பலரும் கொடுப்பார்கள். இவள் வேலை கால்கள். ஒரு முக்காலியில் உட்கார்ந்து, வருகிறவர்களின் கொப்புளம் வெடித்த பாதங்களை வெந்நீரில் கழுவி, துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவி, பிளாஸ்திரி போட்டு அனுப்புவாள். யார் என்ன என்று கேட்க மாட்டாள். வெந்நீர் போடுவதும் கேனைத் தூக்கி வருவதும் நான்.

"லீவு போட்டுட்டு வந்து ஊரான் காலப் புடிக்கணுமா?" என்று ஒரு வருஷம் முணுமுணுத்தேன்.

"நீங்க காலைப் புடிக்க வேணாம். கேனைப் புடிங்க, போதும்" என்றாள். பந்தலில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் உள்ளுக்குள் சிரித்தேன். வெளியே தெரிந்திருக்காது. என் முக அமைப்பு அப்படி. பிறந்தபோதே கடன்காரனைப் பார்த்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு பிறந்தேன் என்று அம்மா சொல்லுவாள்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதைப்பற்றி அழவேண்டிய காலத்தில் தனித்தனியாக அழுது முடித்துவிட்டோம். அவளுக்குப் போக இடம் நிறைய இருந்தது. எனக்கு ஆபீஸும் வீடும்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் பூசை முடிந்து, கூட்டம் முடிந்து, நோயாளி வீடு முடிந்து வருவதற்குள் நான் சாதம் வடித்து வைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அப்படிப் பார்த்திருந்ததில் வருத்தம் ஒன்றும் இல்லை. வருகிறவள் இருக்கிறாள் என்பதனால் பார்த்திருந்தேன். அதன் அருமை இப்போது தெரிகிறது.

ஆனால் வருஷத்தில் ஒரு சாயங்காலம் மட்டும் ஊர் முழுக்க எங்கள் வீட்டுக்கு வரும். அக்டோபர் மாதம் அவர்களுக்குச் செபமாலை மாதம். பங்கில் பக்கத்துப் பக்கத்து வீடுகளைச் சேர்த்து அன்பியம் என்று ஒரு குழு வைத்திருப்பார்கள். அந்த மாதம் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் மாதா சுரூபத்தை அன்பியத்து வீடுகளுக்கு ஒவ்வொன்றாகக் கொண்டுபோவார்கள். இன்றைக்கு ஒரு வீடு, நாளைக்கு அடுத்த வீடு. சாயங்காலம் எல்லோரும் கூடி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு, பாடியபடி அடுத்த வீட்டு வாசலுக்கு வருவார்கள். அந்த வீட்டுக்காரர்கள் மெழுகுவத்தியோடு வாசலில் நின்று வாங்கிக்கொள்ள வேண்டும். பிறகு உள்ளே உட்கார்ந்து செபமாலை சொல்வார்கள். முடிந்ததும் சுண்டல், டீ. மறுநாள் வரை மாதா அந்த வீட்டு விருந்தாளி.

எங்கள் குடியிருப்பில் கீழ்வீட்டில் ஓர் ஆட்டோக்காரர் குடும்பம், அவர்களும் அன்பியத்தில்தான். அவர்கள் வீட்டுக்கு வந்த மறுநாள் மாதா படியேறி இரண்டாம் மாடிக்கு, எங்கள் வீட்டுக்கு வருவாள். நாங்கள் குடிவந்த நாளிலிருந்து வரிசை மாறியதில்லை. அவள் மேசைமேல் வெள்ளைத் துணி விரித்து, சாமந்தி வைத்து, சீரியல் பல்பு சுற்றுவாள். நான் கொண்டைக்கடலை ஊறவைப்பேன். பாட்டு கேட்டதும் அவள் வாசலுக்குப் போவாள், நான் சமையலறைக்குப் போவேன். செபமாலை முடியும்வரை சமையலறை வாசலிலேயே நின்றுகொண்டிருப்பேன். ஒரு கண் அடுப்பில், ஒரு கண் ஹாலில். என் வீட்டு வாசலில் செருப்பு மலையாகக் குவிந்திருக்கும். குழந்தைகள் குளியலறைத் தண்ணீரைத் திறந்துவிட்டு ஓடும். என் நாற்காலியில் யாரோ ஒரு பாட்டியம்மா உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருப்பார். அவள் ஹாலில் உட்கார்ந்து செபம் சொல்லும் குரல் மற்ற எல்லாக் குரலுக்கும் அரை விநாடி முன்னால் கேட்கும். டீச்சர் அல்லவா, எதையும் முந்திக்கொண்டு சொல்லித்தான் பழக்கம். அந்தக் குரலைக் கேட்டபடி தேங்காய் துருவுவதில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. பக்தி என்று அதைச் சொல்ல மாட்டேன். எங்கள் வீடும் ஒரு வீடு என்று தோன்றும், அவ்வளவுதான்.

போன ஜூன் மாதம் அவள் போய்விட்டாள். ஓய்வு பெற்று வருஷங்கள் ஆகியும் பள்ளிக்கூடம் திறக்கும் வாரம் என்றால் அவளுக்குக் கால் நிற்காது. பழைய சீருடைகளைச் சேகரித்து, துவைத்து, பட்டன் தைத்து, தேவைப்பட்ட பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு வருவாள். அன்று காலை கோயிலுக்குக் கிளம்ப புடவைக் கொசுவம் மடித்துக்கொண்டிருந்தவள் கட்டிலில் உட்கார்ந்தாள். "ஒரு நிமிஷம் இருங்க" என்றாள். நான் ஸ்கூட்டர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். டாக்டர் வந்து பார்த்தபோதும் சாவி கையிலேயே இருந்தது.

அடக்கத்துக்கு வந்த கூட்டத்தைப் பார்த்து நானே பயந்துவிட்டேன். குப்பத்திலிருந்து வேன் பிடித்து வந்திருந்தார்கள். அவளிடம் படித்தவர்கள் அவரவர் பிள்ளைகளோடு வந்திருந்தார்கள். கோயிலுக்குள் முதல் வரிசையில் என்னை உட்காரவைத்தார்கள். எப்போது எழவேண்டும், எப்போது முழங்கால் போடவேண்டும் என்று தெரியாமல் பக்கத்திலிருந்தவரைப் பார்த்துப் பார்த்து எழுந்து உட்கார்ந்தேன். பங்குத்தந்தை அவளைப்பற்றி அழகாகப் பேசினார். எல்லாம் உண்மைதான். ஆனால் அவர் சொன்னவளுக்கு மீன் கழுவப் பிடிக்காது என்பது அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

வெளியே வந்ததும் ஒவ்வொருவராகக் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே விஷயத்தைச் சொன்னார்கள். "கவலப்படாதீங்க சார், உங்களுக்கு இத்தன பிள்ளைங்க இருக்கோம்." தலையாட்டினேன். எனக்குக் கோபம்தான் வந்தது. அவர்கள் அவள் பிள்ளைகள். எனக்கு எப்படிப் பிள்ளைகள் ஆவார்கள்? என்னிடம் அவர்களில் ஒருவர்கூடக் கணக்கு கற்றுக்கொள்ளவில்லை.

முப்பதாம் நாள் பூசை வரைக்கும் யாராவது சாப்பாட்டுக் கேரியர் கொண்டுவந்தார்கள். அப்புறம் மெல்ல மெல்ல நின்றது. அதில் தவறொன்றும் இல்லை, எல்லோருக்கும் அவரவர் பாடு இருக்கிறது. ஒருநாள் காலையில் பழக்கதோஷத்தில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கோயில் வாசலுக்கே போய்விட்டேன். இறங்க ஆள் இல்லை. டீ மாஸ்டர் என்னைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் டீ போட்டுக் கொடுத்தார். அவர் ஏதாவது கேட்டிருந்தால் தேவலாம் என்று இருந்தது. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை.

ஆகஸ்ட் வந்ததும் வெந்நீர்க் கேனைத் தேய்த்துக் கழுவினேன். கொடியேற்றத்தன்று அதை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு அடையாறு பாலத்துக்குப் போனேன். பந்தல் இருந்தது. அன்பியத்து இளைஞர்கள் சுறுசுறுப்பாக இருந்தார்கள். கேஸ் அடுப்பு வைத்து, பெரிய அண்டாவில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. ஒருவன் ஓடிவந்து என் கையிலிருந்து கேனை வாங்கினான்.

"நீங்க எதுக்கு சார் கஷ்டப்படறீங்க? நாங்க பாத்துக்கறோம். நீங்க ரெஸ்ட் எடுங்க சார்."

ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். மோர் கொடுத்தார்கள். கல்யாண வீட்டுக்கு வந்த தூரத்து உறவு மாதிரி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அவள் முக்காலியில் வேறு ஒரு பெண் உட்கார்ந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். நன்றாகத்தான் செய்தாள். கிளம்பும்போது கேனைத் திருப்பிக் கேட்க வெட்கமாக இருந்தது. விட்டுவிட்டு வந்துவிட்டேன். ஓய்வு பெற்றவனைப் பார்த்து ஊரே ரெஸ்ட் எடு, ரெஸ்ட் எடு என்றால் மனிதன் எங்கேதான் போவான்?

அதனால் அக்டோபரைத்தான் நம்பியிருந்தேன். கால் கழுவ வேறு ஆள் வரலாம், குப்பத்தில் பாடம் சொல்ல வேறு டீச்சர் வரலாம். மாதா வருவது வீட்டுக்கு. வீடு இருக்கிறது, நான் இருக்கிறேன். மாதா படியேறி வந்துவிட்டால் நான் இன்னும் இந்தத் தெருவில் இருக்கிறேன் என்று அர்த்தம். வராவிட்டால் ஜூன் மாதமே என்னையும் சேர்த்து அடக்கம் செய்துவிட்டார்கள் என்றுதான் எடுத்துக்கொள்ளவேண்டும். இப்படியெல்லாம் யோசித்துக்கொண்டு மாதம் பிறந்ததிலிருந்து ஜன்னலில் நின்று பாட்டுச் சத்தம் எந்த வீட்டுப் பக்கம் கேட்கிறது என்று கவனித்துக்கொண்டிருந்தேன்.

கீழ்வீட்டுக்கு மாதா வந்த அன்று கடலையை ஊறவைத்தேன். மறுநாள் மத்தியானமே ஹாலைத் துடைத்தேன். வெள்ளைத் துணி பீரோவில் அவள் மடித்து வைத்தபடி இருந்தது. அதை எடுத்து விரித்தபோது அந்துருண்டை வாசனையோடு வேறு ஏதோ வாசனையும் வந்தது. கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்தேன். சாமந்தி வாங்கி வந்தேன். சீரியல் பல்பில் பாதி எரியவில்லை. எரிகிற பாதி முன்பக்கம் தெரிகிற மாதிரி சுற்றினேன். சட்டை மாற்றிக்கொண்டேன். எல்லாம் செய்த பிறகுதான் வாசலில் நின்று மாதாவை வாங்க ஆள் யார் என்ற எண்ணம் வந்தது. நான்தான். மெழுகுவத்தியை ஏற்றிக்கொண்டு கதவைத் திறந்து வைத்து நின்றேன்.

கீழே பாட்டு ஆரம்பித்தது. செருப்புச் சத்தம் படியேறியது. முதல் திருப்பம் தாண்டி, கீழ்வீட்டு ஆட்டோக்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தார். என்னைப் பார்த்ததும் பாட்டை நிறுத்திவிட்டார்.

"இன்னா சார், கதவத் தொறந்து வெச்சிகினு நிக்கிற?" என்று பதறிப்போய்க் கேட்டவர், பின்னால் திரும்பிப் பார்த்தார்.

பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராகப் பாட்டை நிறுத்தினார்கள். கடைசி வரிசையில் இருந்தவர்களுக்கு விஷயம் தெரியாமல் இன்னும் கொஞ்ச நேரம் பாடிக்கொண்டிருந்தார்கள். மேலே மூன்றாம் மாடிப் படிமுனையில், வேளச்சேரி வெள்ளத்தில் மூன்று தடவை நனைந்துவிட்டு இந்த வருஷம்தான் இங்கே குடிவந்த ஐ.டி. கணவனும் மனைவியும் கையில் மெழுகுவத்தியோடு எட்டிப் பார்த்தார்கள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மாதா அவர்கள் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

அன்பியத்துக்குப் பொறுப்பாக இருப்பவர் எதிர்ச் சந்தில் குடியிருக்கும் நர்ஸம்மா. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். என் கையில் இருந்த மெழுகுவத்தியையும் எனக்குப் பின்னால் மேசையில் விரித்திருந்த துணியையும் பார்த்தார். அவர் முகம் போன போக்கைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

"சார்... உங்களுக்கு சிரமம் வேணாம்னுதான்..."

"மேல போங்க. அவங்க காத்துக்கிட்டு இருக்காங்க" என்றேன். மெழுகுவத்தியை ஊதினேன். கதவைச் சாத்திக்கொண்டேன். சாத்தின சத்தம் கொஞ்சம் பலமாகத்தான் கேட்டிருக்கும்.

மேலே பாட்டு மறுபடியும் ஆரம்பித்தது. கூரை வழியாகச் செபம் கேட்டது. நான் சுண்டலைத் தாளித்தேன். ஒருவனுக்கு அத்தனை சுண்டல் அதிகம்தான். ஊறவைத்த கடலையை வேறு என்ன செய்வது?

செபம் முடிந்ததும் கதவு தட்டப்பட்டது. நர்ஸம்மா தனியாக நின்றிருந்தார். உள்ளே வரச் சொன்னேன். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். நாங்களா இந்த முடிவு எடுக்கல. டீச்சர்தான் சொல்லியிருந்தாங்க."

"என்ன சொன்னா?"

"போன வருஷம், எல்லாரும் போனப்புறம், இங்கதான் நின்னு பேசிக்கிட்டிருந்தோம். நீங்க கீழ நாற்காலியெல்லாம் திருப்பிக் குடுக்கப் போயிருந்தீங்க. 'எனக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா மாதாவ இங்க கொண்டுவந்து அவர சங்கடப்படுத்தாதீங்க. இந்தக் கூட்டம், சத்தம் எதுவும் அவருக்குப் புடிக்காது. எனக்காக இத்தன வருஷம் பொறுத்துக்கிட்டாரு, பாவம். அப்புறமாவது நிம்மதியா இருக்கட்டும்'னு சொன்னாங்க. அத மனசுல வெச்சுத்தான்..."

பந்தலில் நாற்காலி போட்டதும், கேனை வாங்கிக்கொண்டதும், ரெஸ்ட் எடுங்க என்றதும் எல்லாம் எங்கிருந்து வந்தது என்று ஒரே நேரத்தில் விளங்கியது. அவள் என்னை விடுதலை செய்துவிட்டுப் போயிருக்கிறாள். நல்ல மனசோடு செய்திருக்கிறாள். ஊருக்கெல்லாம் வேறு கணக்கு இருக்கும் கண்டுபிடி என்று சொன்னவள், கூடவே வாழ்ந்தவன் விஷயத்தில் மட்டும் தானே ஒரு விடையை எழுதி, இரண்டு கோடும் போட்டு முடித்துவிட்டாள்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. அவளை உடனே கூப்பிட்டு ஒரு சண்டை போடவேண்டும் போல இருந்தது. நன்றாகக் கத்தி, காப்பி வேண்டாம் என்று சொல்லி, பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு உட்காருகிற சண்டை. எங்கள் வீட்டில் எல்லாம் அப்படித்தான் தீர்ந்திருக்கிறது. இதைத் தீர்க்க எதிரே ஆள் இல்லை.

"நான் பொறுத்துக்கல" என்றேன் நர்ஸம்மாவிடம். "எனக்குப் புடிக்கும். அவளுக்கு அது தெரியல. எனக்கு ரொம்பப் புடிக்கும்."

நர்ஸம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நாளைக்கு மாதா இங்கதான் சார்" என்றார். சுண்டல் பாத்திரத்தை நானே எடுத்துக் கொடுத்தேன். மேலே கொண்டுபோனார். கொஞ்ச நேரத்தில் அங்கே தட்டுச் சத்தமும் பேச்சும் கேட்டன.

மறுநாள் சாயங்காலம் மாதா ஒரு மாடி இறங்கி வந்தாள். ஐ.டி. கணவன் பெட்டியை என் கையில் கொடுத்தான். நான் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. மேசையில் வைத்தேன். எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து பாயில் உட்கார்ந்தார்கள். யாரோ ஒரு குழந்தை குளியலறைக் குழாயைத் திறந்தது. நான் பழைய வழக்கப்படி சமையலறைக்குப் போய் நின்றுகொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் நர்ஸம்மா வந்தார்.

"இங்க என்ன சார் பண்றீங்க? வீட்டுக்காரங்க முன்னால உக்காரணும். நீங்க வராம எப்படி ஆரம்பிக்கிறது?"

"சுண்டல்..."

"அத நான் பாத்துக்கறேன். டீச்சர் உக்கார்ற எடத்துல உக்காருங்க."

போய் உட்கார்ந்தேன். மேசைக்குப் பக்கவாட்டில், சுவரை ஒட்டினாற்போல் ஒரு இடம். அவள் ஏன் எப்போதும் அங்கேயே உட்காருவாள் என்று நான் பெரிதாக யோசித்ததில்லை. மாதாவைப் பார்த்து உட்கார்ந்தால் முதுகு கூட்டத்துக்குத் தெரியும் என்பதால் இருக்கும் என்று நினைத்திருந்தேன். நர்ஸம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து, எனக்குப் பின்னால் பாயில் உட்கார்ந்துகொண்டார். செபம் தொடங்கியது. வார்த்தைகள் எனக்குத் தெரியும், இத்தனை வருஷம் கேட்டிருக்கிறேன். வாயைத் திறக்க வெட்கமாக இருந்ததால் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தலையைத் தூக்கினேன்.

அந்த இடத்திலிருந்து பார்த்தால் சமையலறை வாசல் நேராகத் தெரிகிறது.

வேறு எதுவும் அவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை. மாதா கூட ஓரக்கண்ணில்தான் தெரிகிறாள். ஒவ்வொரு வருஷமும் இந்த இடத்தைத் தேடி உட்கார்ந்து, எல்லோரையும் முந்திக்கொண்டு செபம் சொல்லியபடி, அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். அந்த வாசலில், கையில் தேங்காய் மூடியோடு, கடன்காரனைப் பார்த்த முகத்தோடு நின்றவனை. பார்த்துப் பார்த்துத்தான், பாவம், பொறுத்துக்கொள்கிறான் என்று முடிவு செய்திருக்கிறாள். உள்ளுக்குள் நான் எப்படி இருந்தேன் என்று அந்த இடத்திலிருந்து தெரிவதற்கு வழியே இல்லை.

நான் அந்த வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே யாரும் இல்லை. எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த செபத்தை நானும் சொல்ல ஆரம்பித்தேன், அவர்களுக்கு அரை விநாடி பின்னால்.